அயிரைக்கு ஓர் உறவினன்

மதுரைப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அயிரை மீனைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் அம்மாச்சி அதை உயிரோடு வாங்கி வருவாள். சட்டியில் இட்டுச் சிறிது பாலை ஊற்றுவாள். மீன்கள் துள்ளித் துள்ளி வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கிவிடும். அதற்குப் பிறகு அடுப்பில் என்ன நடக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை. அடுத்த விடுமுறைக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கும்போது அன்பர்களின் நாவைத் தூண்டிவிடுவது பாவம்.

அந்த அயிரைக்கு மலையில் ஓர் உறவினன் உண்டு. கண்மாய்ச் சேற்றை அவன் அறியான். பாறைகளுக்கிடையே பாய்ந்து வரும் குளிர்ந்த ஓடையில், கல்லை விட்டகலாமல் வாழ்பவன். மலையோடை அயிரை என்று அவனை அழைக்கலாம். அவ்வினத்தில் மூன்று மீன்களைக் கொல்கத்தாவில், நாங்கள் மூவர் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை அறையில், நான் வளர்க்க முயன்றேன். இரண்டு என் கையால் மடிந்தன. மூன்றாவது பிழைத்தது. பிழைக்க வைத்தவன் நானல்லன் என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வட கொல்கத்தாவில் பாக்பஜாரை ஒட்டியுள்ள காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் சந்தை கூடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். செடிகளும் வண்ணமீன்களும் அங்கே தெருவோரமெங்கும் பரப்பியிருக்கும். ஒரு வியாபாரியின் தட்டில், விரல் நீளத்தில், மரப்பட்டை நிறத்தில், முதுகில் கரிய திட்டுகளோடு மூன்று மீன்கள் தரையோடு தரையாய் ஒட்டிக் கிடந்தன. கையால் அலசினாலும் அவை நகரவில்லை. "என்ன மீன்?" என்று என் ஓட்டை வங்காளியில் கேட்டேன். "சாக்கர்" என்றார். "எங்கிருந்து வந்தது?" என்றேன். "சிலிகுரிப் பக்கம்" என்றார். அந்த இரண்டாவது விடைதான் பொன்னான விடை. நானோ முதல் விடையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பெயர் தவறு என்று வீட்டுக்கு வரும்போதே தோன்றிவிட்டது. சாக்கர் என்று இங்கே சொல்லப்படுவது தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு கெளுத்தி வகை. தொட்டியில் பெரிதாக வளர்ந்துவிட்டதென்று யாரோ குளங்களில் கொண்டுபோய் விட, இன்று அது கிழக்குக் கொல்கத்தா நீர்நிலைகளில் பெருகி மீன் வளர்ப்போருக்குத் தொல்லையாகிவிட்டது. அதன் உடலில் கவசம் போன்ற எலும்புத் தகடுகள் இருக்கும். வாயோரத்தில் ஒரு சோடி மீசை மட்டும் இருக்கும். என் மீனுக்குத் தகடு இல்லை. மீசையோ மூன்று சோடி. அதை எண்ணியதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மூன்று சோடி மீசை அயிரைக் கூட்டத்தின் அடையாளம். ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் சொந்தக்காரனைக் கண்டது போல இருந்தது.

நான் படிப்பது வேதியியல். விலங்கியல் தெரியாதவன் கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கிடைத்தால் என்ன ஆகும்? அன்று முதல் அடையாளம் காணும் வேலையே என் வேலையாயிற்று. நம் நாட்டு ஓடைகளில் கல்லைப் பற்றி நிற்கும் மீன் வேறொன்றும் உண்டு. காரா என்பது அதன் பெயர். அது கெண்டைக்கு உறவு. அதன் கீழுதட்டுக்குப் பின்னால், மோவாயில், வட்டமான ஒரு தட்டு இருக்கும். என் மீனுக்கு அத்தகைய தட்டு இல்லை. அதன் அடிப்பக்கம் முழுவதுமே தட்டையாக இருந்தது. மார்புத் துடுப்புகளும் வயிற்றுத் துடுப்புகளும் விசிறி போலப் பக்கவாட்டில் விரிந்திருந்தன.

அடுத்த படி துடுப்புகளைப் பார்ப்பது. போர்னியோவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் மலையோடை மீன்கள் வண்ணமீன் கடைகளில் புகழ் பெற்றவை. அவற்றின் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் பின்புறம் ஒன்றாய் இணைந்து வட்டில் போலாகிவிடும். என் மீனுக்கு அவை தனித்தனியாக இருந்தன. மேலும், அந்த அயல்நாட்டுக் குடும்பத்தில் மார்புத் துடுப்பின் முன்னோரத்தில் கிளைக்காத கதிர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. என் மீனுக்குப் பல இருந்தன. அவ்வளவில் விடை கிடைத்தது: பேலிடோரா. இமயத்தின் அடிவார ஓடைகளிலும் வடகிழக்கு மலைகளிலும் வாழும் மீன். ஒரு துண்டுத் தாளில் அப்பெயரை அழகாக எழுதித் தொட்டியின் மேல் ஒட்டினேன்.

மீனைத் தொடாமல் அதன் வயிற்றுப்புறத்தை எப்படிப் பார்த்தாய் என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது. இம்மீன் தொட்டியின் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் வெளியிலிருந்து எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். என் மீன்கள் மூன்றும் நாள் முழுதும் கண்ணாடியில்தான் ஒட்டிக் கிடந்தன. அதுவும் நீர்மட்டத்தை ஒட்டி, காற்றுக்குமிழ் வரும் குழாயின் அருகிலேயே கிடந்தன. எனக்குக் காட்சி கொடுப்பதாக எண்ணி மகிழ்ந்தேன். ஒன்பதாம் நாள் ஒன்று இறந்தது. பதினைந்தாம் நாள் இரண்டாவதும் இறந்தது.

எங்கள் அறையில் மூன்றாமவன் தேனிப் பக்கத்துத் தம்பி. இளங்கலை முதலாண்டு மாணவன். அதிகம் பேச மாட்டான். இரண்டாவது மீனை நான் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது அருகே வந்து நின்றான்.

"இது எங்கண்ணே இருந்துச்சு?" என்று கேட்டான்.

"சந்தையில" என்றேன்.

"அதுக்கு முன்னால?"

"மலையில. ஓடையில."

தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். "குளிக்கிற வெந்நி மாதிரி இருக்குண்ணே. எனக்கே இந்த ஊரு சூடு தாங்கல. இதுக்கு எப்பிடித் தாங்கும்?"

அன்பர்களே, மீசையை எண்ணினேன்; கதிரை எண்ணினேன். அந்தக் கேள்வியை மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அயிரைக்கு உறவு என்று தெரிந்ததும், அயிரையைப் போலவே இதுவும் எதையும் தாங்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். நம் அயிரைக்கு அறிவியலார் இட்ட பெயரில் 'தெர்மாலிஸ்' என்ற சொல் இருக்கிறது. வெந்நீருக்குரியது என்று பொருள். இலங்கையில் திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீனைக் கொண்டு 1846இல் வைத்த பெயர் அது. வெந்நீரூற்றில் வாழ்பவனின் உறவினன் பனியோடையில் வாழ்பவனாகவும் இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்குக் காரம் பிடிக்கும், தம்பிக்கு ஆகாது என்பதை நம் வீடுகளில் நாம் பார்க்கவில்லையா?

மறுநாள் விடியற்காலையில் தொட்டி நீரைக் குமிழி புகாமல் ஒரு புட்டியில் பிடித்தேன். மாங்கனீசு உப்பையும் காரங்கலந்த அயோடைடையும் அங்கேயே சேர்த்து, ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றேன். லாயோஸ் விங்க்ளர் 1888இல் வெளியிட்ட முறை இது. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளக்க உதவுவது. பாடத்துக்காகப் பலமுறை செய்திருக்கிறேன். என் அறையிலிருக்கும் நீரை அளக்க வேண்டும் என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை. விடை லிட்டருக்கு 3.8 மில்லிகிராம் என்று வந்தது. நெஸ்லர் கரைசலை விட்டுப் பார்த்தால் நீர் மஞ்சளாயிற்று. அம்மோனியா!

கணக்கு எளியது. காற்றோடு நன்றாகக் கலந்த நீரில் 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். அதே நேரத்தில், வெப்பம் ஏற ஏற மீனின் உடலுக்கு வேண்டிய பிராணவாயு கூடும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. கண்மாய் அயிரைக்கு இதைச் சமாளிக்க வழி உண்டு. அவ்வகையில் சில மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலேயே சுவாசிக்கும். அருவி விழுந்து நுரைக்கும் நீரில் வாழ்பவனுக்கு அந்த வித்தை எதற்கு? அவனிடம் அது இல்லை. அவனால் செய்ய முடிந்ததெல்லாம் குமிழ் வரும் இடத்துக்கு அருகே கண்ணாடியைப் பற்றிக்கொள்வதுதான். நான் கதிரை எண்ணிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அம்மோனியாவும் என் அவசரத்தின் விளைவே. புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நானோ காலையில் தொட்டியைக் கழுவி, மாலையில் மீனை விட்டவன்.

எஞ்சிய ஒன்றுக்காக வீட்டைத் திருத்தி அமைத்தோம். தம்பி சொல்லச் சொல்ல நான் செய்தேன் என்பதே உண்மை. அவனுடைய ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். ஓடையைப் பார்த்து வளர்ந்தவன். "ஓடை ஆழமாவா இருக்கும்? அகலமாத்தாண்ணே இருக்கும்" என்றான். உயரமான தொட்டியை விட்டுவிட்டு, நீளமும் அகலமும் உள்ள தாழ்ந்த தொட்டியை வாங்கினோம். கூழாங்கற்களை அடுக்கினோம். ஒரு முனையில் நீரைத் தள்ளும் சிறு பம்பு வைத்தோம். மறு முனையில் பஞ்சு சுற்றிய குழாய் வாய். கற்களுக்கு அடியில் ஓடும் குழாய் அதைப் பம்போடு இணைத்தது. நீர் மேலே ஒரு திசையில் ஓடிக் கீழே திரும்பி வந்தது. பழைய தொட்டியின் பஞ்சையும் கற்களையும் அப்படியே இதில் சேர்த்தோம். அவற்றில் குடியேறத் தொடங்கிய நுண்ணுயிர்களை இழக்கக் கூடாதல்லவா? ஆறு வாரங்கள் வரை நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினோம். குழாய் நீரிலுள்ள குளோரினைப் போக்கச் சிறிது சோடியம் தயோசல்பேட்டு போதும். வேதியியல் படித்ததற்கு அந்த ஒரு பயன் கிடைத்தது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். இம்மீன் கல்லின் மேல் படரும் பாசிப்படலத்தையும் அதில் வாழும் சிறு பூச்சிகளின் புழுக்களையும் சுரண்டித் தின்பது. கடையில் விற்கும் மிதக்கும் உணவு அதற்குத் தொலைதூரத்து விருந்து. பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கும். வயிறு உட்குழிந்திருந்தால் பட்டினி என்று அறியலாம். நாங்கள் மொட்டை மாடியில் இரண்டு வாளிகளில் நீரும் கல்லும் இட்டு வெயிலில் வைத்தோம். சில நாட்களில் கல் பசுமை பூண்டது. அதைத் தொட்டியில் வைத்து, மேய்ந்து முடித்த கல்லை மீண்டும் வாளிக்கு அனுப்பினோம். வாரத்தில் இரண்டு முறை சிறு புழுக்களும் தந்தோம். தொட்டிக்கு மூடி வேண்டும் என்பதையும் கற்றோம். ஈரக் கண்ணாடியில் இது பல்லியைப் போல ஏறிவிடும்.

நீரோட்டம் வந்த அன்று அது கண்ணாடியை விட்டிறங்கியது. பம்புக்கு நேர் எதிரே, ஓட்டம் மிகுந்த கல்லின் மேல் போய் அமர்ந்தது. துடுப்புகளின் முன்னோரம் கல்லோடு ஒட்டியிருக்க, பின்னோரம் மட்டும் ஓயாமல் சிலிர்த்துக்கொண்டிருந்தது. வயிற்றுக்கடியில் புகும் நீரை அது அவ்வாறு வெளியேற்றுகிறது. புட்டி நீரை மறுபடியும் அளந்தேன்: 26 பாகையில் 7.6 மில்லிகிராம். மேலே ஒட்டியிருந்த பெயர்த் தாள் நீர்த் துளி பட்டுக் கரைந்திருந்தது. புதிதாக எழுதவில்லை. பேலிடோராவில் எந்த இனம் என்று உறுதி செய்ய, இறந்த மீனைப் பதப்படுத்திச் செதில்களை எண்ண வேண்டும். அந்த அறிவு எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் சுந்தர் லால் ஹோராவைப் பற்றிப் படித்தேன். நம் நகரிலேயே தலைமையகம் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக 1947 முதல் 1955இல் மறையும் வரை இருந்தவர். ஓட்டம் மிக்க மலையோடைகளின் உயிர்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பது பற்றி 1930இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. தென்னாட்டு மலையோடை மீன் ஒன்றின் பேரினத்துக்கு 1920இல் அவர் இட்ட பெயர் 'பவானியா'. ஆம், நம் பவானி ஆற்றின் பெயர்தான்! தம்பியிடம் சொன்னேன். "அப்ப நம்ம பக்கமும் இருக்குதாண்ணே" என்று சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஏப்ரல் வந்தது. 2024இன் அந்தக் கோடையை இங்கிருந்த எவரும் மறக்க மாட்டார்கள். மாதத்தின் கடைசி நாளன்று கொல்கத்தாவில் வெப்பம் 43 பாகையைத் தொட்டது. நீரின் மேற்பரப்பில் மின்விசிறியைச் சுழலவிட்டோம். ஆவியாகும் நீர் இரண்டு மூன்று பாகை குறைத்துத் தந்தது. வீட்டுக்கார மாசிமாவின் குளிர்ப்பெட்டியில் புட்டிகளில் நீரை உறைய வைத்து ஒன்றன்பின் ஒன்றாக மிதக்கவிட்டோம். ஒரே முறையில் நாலைந்து புட்டிகளைப் போட்டுத் திடீரென்று குளிரச் செய்வது வெப்பத்தைவிடக் கேடு. மாசிமா முதலில் இம்மீனைப் பார்த்தபோது, "இது குழம்புக்குக் காணாதே" என்று வருந்தியவர். புட்டிகளுக்கு இடம் தருமாறு கேட்டபோது ஒரு கணம் எங்களை உற்றுப் பார்த்தார். பிறகு உருளைக்கிழங்கை எடுத்து வெளியே வைத்தார்.

அந்தக் கடைசி நாளின் இரவு நான் ஹௌரா நிலையத்துக்கு நண்பன் ஒருவனை வழியனுப்பச் சென்றிருந்தேன். திரும்பியபோது மணி இரண்டு. தெரு முழுதும் இருள். மின்சாரம் பதினொரு மணிக்கே போய்விட்டது என்றார்கள். பம்பு நின்று மூன்று மணி நேரம்! படியேறும்போதே மனத்தில் மூன்றாவது காகிதத்தை மடித்துவிட்டேன்.

கதவைத் திறந்தால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு உருவங்கள். தம்பி குவளையால் தொட்டி நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தான். எதிரே மாசிமா பனையோலை விசிறியால் தொட்டிக்கு வீசிக்கொண்டிருந்தார். மீன் குழம்பு இல்லாமல் ஒரு நாளும் உண்ணாத அம்மையார், ஒரு மீனுக்கு விசிறிக்கொண்டிருந்த அந்தக் காட்சியை நான் என்றும் மறவேன்.

"பதினோரு மணியிலேருந்தா ஊத்துற?" என்றேன்.

"கை மாத்தி மாத்தி ஊத்துனேண்ணே. நிறுத்துனா அது மேல வந்துருது. ஊத்துனா கீழ போயிருது. அதான் நிறுத்தல."

அவனுக்கு விங்க்ளர் முறை தெரியாது. ஆயினும் நான் புட்டியும் கரைசலும் கொண்டு அளந்ததை அவன் அந்த மீனைப் பார்த்தே அளந்துவிட்டான். குவளையை வாங்கிக்கொண்டேன். நான்கு மணிக்கு மின்சாரம் வந்தது. மீன் தன் கல்லில் இருந்தது.

மறுநாள் மூவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த ஊரின் கோடையில், குளிரூட்டும் கருவி இல்லாத அறையில், இம்மீனை வைத்திருப்பது அன்பாகாது. ஆற்றில் விடுவதும் தகாது. ஹூக்ளி அதன் வீடன்று. மேலும் தொட்டியில் இருந்த மீன் நோயைச் சுமந்து செல்லக்கூடும். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கர்சியாங்கில் வீடு. அவன் தந்தையார் குளிர்ந்த நீர்த் தொட்டியில் மீன் வளர்ப்பவர். தேர்வு முடிந்ததும் ஒரு நாள் உணவு கொடுக்காமல் வைத்து, பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதிக்குப் பிராணவாயுவும் நிரப்பி, தெர்மோகோல் பெட்டியில் வைத்துத் தோழனிடம் கொடுத்தேன். சியால்டாவிலிருந்து இரவு புறப்படும் டார்ஜிலிங் மெயிலில் அது மலைக்குப் போயிற்று. நானும் தம்பியும் நடைமேடையில் நின்றோம். "ஊருக்குப் போறவுங்கள வழியனுப்புற மாதிரி இருக்குண்ணே" என்றான். அங்கே அது இன்றும் நலமாக இருக்கிறது, புகைப்படம் வருகிறது.

வெறுந்தொட்டி ஒரு வாரம் கிடந்தது. பிறகு ஒரு காலை மாசிமா சந்தையிலிருந்து வந்து எங்களை அழைத்தார். கூடையில் நாலைந்து மீன்கள் இன்னும் உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. "குதும்" என்றார். குனிந்து பார்த்தேன். மீசை தெரிந்தது. நம் அயிரையின் பேரினமேதான். கங்கைச் சமவெளி மீன்களைப் பற்றி 1822இல் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹாமில்டன் இதைக் 'குந்தியா' என்று குறித்தார். இவ்வூர்ச் சேற்றுக்கும் சூட்டுக்கும் பிறந்தவன்.

இரண்டைக் கேட்டு வாங்கித் தொட்டியில் விட்டோம். பம்பின் வேகத்தைக் குறைத்தோம். கூழாங்கல்லை எடுத்துவிட்டு, அவை புதைந்துகொள்ள மெல்லிய மணலைப் பரப்பினோம். இம்முறை மீசையை எண்ணுவதற்கு முன் மாசிமாவிடம் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டேன்: "இது எங்கே இருந்தது?"

"நெல் வயல் ஓரத்துக் குட்டையில்" என்றார். மீதி மீன்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அன்று இரவு எங்கள் மூவருக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வந்தது. கடுகெண்ணெய் மணத்தது. அம்மாச்சியின் புளிக்குழம்பு இல்லைதான். ஆயினும் தம்பி சட்டியை வழித்துவிட்டான்.